புதுத் தண்ணீர் வர முன் பழைய குழாயைச் சுரண்டிப் பாருங்கள்

போன மாதம் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஒரு பழைய நாற்சார் வீட்டுக்கு, குடிக்கிற தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க மாதிரி எடுக்கப் போயிருந்தேன். வீட்டுக்காரர் வீதியால் வரும் குடிநீர் இணைப்பைப் புதிதாக எடுக்கப் போகிறார்கள். கனடாவில் இருக்கும் மகன், "எதுக்கும் ஒருக்கா செக் பண்ணுங்கோ" என்றாராம். வீட்டுக்கார அன்ரிக்கு அதில் பெரிய விருப்பமில்லை. "தம்பி, உது நல்ல தண்ணிக் கிணறு. அதோட நாங்கள் கொதித்தாறின தண்ணிதான் குடிக்கிறம். பிறகென்ன?"

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஈயம் கிருமி இல்லை, உலோகம். ஆவியோடு அது போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அதன் செறிவுதான் கூடும். நிறம், மணம், சுவை எதுவும் காட்டாது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கையின் குடிநீர்த் தரமும் (எஸ்.எல்.எஸ். 614) வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். மாடியில் இருக்கும் 1,000 லீற்றர் தாங்கியைப் போல நூறு தாங்கித் தண்ணீரில் ஒரு கிராம் ஈயம் கரைந்தால் அந்த எல்லை வந்துவிடும். பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு இதை நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும், மூளை வளர்ச்சியில்தான் கை வைக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

ஒரு சொற்குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது என்று அம்மம்மாமார் சொல்வது வெள்ளீயம். நான் பேசுவது காரீயம். உலோக மூட்டுகளைப் பற்றவைக்கும் பழைய பற்றாசில் இரண்டும் கலந்திருக்கும்.

சரி, யாழ்ப்பாணத்தில் ஈயக் குழாய் இருக்கிறதா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. கிணறு, மோட்டர், தாங்கி, பி.வி.சி. குழாய், இதுதான் எங்கள் ஒழுங்கு. முழு ஈயக் குழாயை என் வேலைக் காலத்தில் இரண்டே இரண்டு வீடுகளில்தான் கண்டிருக்கிறேன். ஆனால் குழாய் இல்லை என்பதற்காக ஈயமும் இல்லை என்று சொல்ல முடியாது. பைப் என்றால் எங்களுக்குத் திறக்கிற பைப்பும் அதுதான், சுவருக்குள் ஓடுகிற பைப்பும் அதுதான். இந்த விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது திறக்கிற பைப்பை. பித்தளையைக் கடைய இலகுவாக இருக்கட்டும் என்று அதில் ஈயம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். பழைய ஜி.ஐ. குழாயின் (நாகம் பூசிய இரும்புக் குழாய்) பூச்சிலும், பற்றவைத்த மூட்டுகளிலும், தரம் தெரியாத பழைய பி.வி.சி.யிலும் கூட ஈயம் இருக்கலாம்.

அன்ரி வீட்டில் குளியலறைக்குப் பின்னால், சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில், ஒரு சாம்பல் நிறக் குழாய் இருந்தது. நேராக இல்லை, பாம்பு படுத்த மாதிரி ஒரு நெளிவு. மூட்டில் வெங்காயம் போல ஒரு புடைப்பு. திறப்பால் மெல்லச் சுரண்டினேன். வெண்ணெயில் கீறின மாதிரி இறங்கி, உள்ளே பளிச்சென்று வெள்ளி நிறம். காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. இரும்புக் குழாய் என்றால் காந்தம் ஒட்டும். செம்பு என்றால் சுரண்டிய இடம் சிவக்கும். பிளாஸ்டிக் தட்டினாலே தெரியும். ஒரு திறப்பும் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தமும் போதும், ஐந்து நிமிட வேலை. சுரண்டின கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நல்லவேளை, அந்தக் குழாய் குளிக்கிற தொட்டிக்கு மட்டும்தான் போகிறது.

குசினிக்கு மூன்று போத்தல் கொடுத்துவிட்டு வந்தேன். இரவு படுக்கும்போது பைப்பை மூடினால் விடியும்வரை, குறைந்தது ஆறு மணித்தியாலம், யாரும் திறக்கக்கூடாது. காலையில் வரும் முதல் லீற்றர் ஒரு போத்தலில். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொன்று. மூன்றாவது, வாளியால் நேரே கிணற்றிலிருந்து. முதலாவதில் மட்டும் ஈயம் கூட என்றால் கள்ளன் பைப்பில் அல்லது அதற்குக் கிட்ட. இரண்டாவதிலும் கூடி, கிணற்றுப் போத்தல் சரி என்றால் குழாயில் அல்லது தாங்கிப் பக்கம் தேட வேண்டும். சிலர் அவசரத்தில் பல் துலக்கிவிட்டு எடுத்துத் தருவார்கள். அந்த மாதிரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

வீடு வீடாக வந்து பேனா மாதிரி ஒரு மீற்றரைத் தண்ணீருக்குள் விட்டு இலக்கம் காட்டி வடிகட்டி விற்பவர்களை நம்பி ஈயத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை மட்டும் சொல்லும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீரில் அந்த இலக்கம் எப்போதும் கூடத்தான் நிற்கும்.

அந்தச் சுண்ணாம்பு எங்களுக்கு ஒரு உபகாரமும் செய்திருக்கிறது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதே மாதிரிப் படிவு குழாய்க்குள்ளும் ஒட்டி, உலோகத்தைத் தண்ணீரிலிருந்து ஓரளவு மறைத்து வைத்திருக்கும். வீதியால் வரும் புதுத் தண்ணீர் வேறு மாதிரி. 2024 ஆகஸ்டில் யாழ். மாவட்டத்துத் தாளையடியில் திறந்த நிலையம் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கக்கூடியது. உப்பு நீக்கிய நீர் இயல்பிலேயே கனிமம் குறைந்தது, உலோகத்தை அரிக்கும் குணம் உள்ளது. அதனால்தான் இப்படியான நிலையங்களில் அனுப்ப முன் திரும்பக் கனிமம் சேர்ப்பார்கள். புதுத் தண்ணீரில் குறை சொல்லவில்லை. பழைய படிவு பழைய தண்ணீருக்குப் பழகியது என்பதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் நீர் மூலத்தை மாற்றினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. குழாய்க்குள் இருந்த பாதுகாப்புப் படலம் கழன்று வீடுகளுக்குள் ஈயம் வந்தது.

ஆகவே இணைப்பு எடுப்பவர்கள் பிளம்பரிடம் "பழைய லைனிலேயே கொழுவி விடுங்கோ" என்று சொல்லாதீர்கள். குசினிக்கென்று எஸ்.எல்.எஸ். 147 (குடிநீர் பி.வி.சி. குழாய்க்கான இலங்கைத் தரம்) அடையாளமுள்ள புதுக் குழாய் ஒன்று தனியாக இழுப்பது பெரிய செலவில்லை. அதுவரை காலையில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள்; ஓடினது கறிவேப்பிலைக்குப் போகட்டும். பிள்ளைக்குப் பால்மா கரைக்க ஹீட்டர் பைப்பில் சுடுதண்ணீர் பிடிக்காதீர்கள், சூட்டில் ஈயம் கூடுதலாகக் கரையும். குளிர்ந்ததைப் பிடித்துக் காய்ச்சுங்கள்.

அன்ரி வீட்டு முடிவு வந்தது. முதல் போத்தலில் எல்லை தாண்டியிருந்தது, மற்ற இரண்டும் சரி. குசினிப் பைப், அவரின் மாமனார் காலத்துப் பித்தளை. கழற்றச் சம்மதித்தார், எறியத்தான் சம்மதிக்கவில்லை. அடுத்த முறை போனபோது அது புளி போட்டு மினுக்கி சோகேஸுக்குள் இருந்தது. "பயப்பிடாதேங்கோ தம்பி, அதால இனி ஒருத்தரும் குடிக்க மாட்டினம்."