குழந்தையின் முதல் சர்க்கஸ்: காதும் பயமும் மின்னும் பொம்மையும்

சேலத்தில் சர்க்கஸ் கூடாரம் அடித்துவிட்டால், குழந்தை மருத்துவர்களான எங்களிடம் வரும் பெற்றோர் கேட்பது "எத்தனை வயசுல கூட்டிட்டுப் போகலாம்?" என்பதுதான். மூன்று வயது முடிந்திருந்தால் நல்லது. அதற்குக் கீழே உள்ள குழந்தையால் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஓரிடத்தில் இருக்க முடியாது. இருட்டில் திடீரென்று அதிரும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றும் புரியாது. கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மூத்ததை மட்டும் கூட்டிப் போவதே மேல்.

காட்சி பெரும்பாலும் மதியம் 1, மாலை 4, இரவு 7 என்று மூன்று இருக்கும். 4 மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுங்கள். மதியம் கூடாரத்துக்குள் புழுக்கம் தாங்காது; தூங்கும் நேரமும் கெடும். இரவுக் காட்சி முடிய ஒன்பதரை ஆகிவிடும். ஏற்காட்டுக்காரர்கள் அதற்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியாக வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் தின்று களைத்த குழந்தை பாதி வழியில் வாந்தி எடுத்துவிடும்.

"சிங்கம் வரும், புலி வரும்" என்று ஆசை காட்டாதீர்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்ட மத்திய அரசு 1998-ல் தடை விதித்தது. 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நடக்கப் போவதை முந்தின நாளே சொல்லுங்கள். உயரத்தில் ஊஞ்சல் ஆடுவார்கள், கீழே வலை கட்டியிருக்கும், பபூன் விளையாட்டுக்குத்தான் விழுவார், லைட்டை அணைத்துவிட்டு மறுபடி போடுவார்கள். இது போதும்.

பெற்றோர் அதிகம் கவனிக்காதது சத்தம். சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள்; வேலை செய்யும் பெரியவர்களுக்கான பாதுகாப்பு அளவே 85 டெசிபலில் 8 மணி நேரம்தான். 3 டெசிபல் கூடக் கூட அந்த நேரம் பாதி பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு வந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வதே நியாயம். கை எட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அளவைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே உட்காருமுன் ஸ்பீக்கர் பெட்டிகள் எங்கே என்று பாருங்கள். முன்வரிசை நாற்காலி என்று பெருமைப்பட்டு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். நாலு வரிசை தள்ளி, வாசலை ஒட்டிய ஓர இருக்கையே குழந்தைக்கு நல்லது. பலகை கேலரியானால் இடுக்கில் கால் போகாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காதில் பஞ்சு வைப்பதால் சத்தம் பெரிதாகக் குறையாது. நுரை அடைப்பானைச் சின்னக் குழந்தை பிடுங்கி வாயில் போட்டுவிடும். காதை முழுதாக மூடும் இயர்மஃப்தான் சரி. பாட்டுக் கேட்கும் ஹெட்போன் அந்த வேலையைச் செய்யாது. ஒரு வாரம் முன்பே வாங்கி, வீட்டில் தினமும் பத்து நிமிடம் மாட்டிப் பழக்குங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம். இரும்புக் கூண்டுக்குள் பைக் ஓட்டும் காட்சிக்கு முன் வெளியே கூட்டி வந்துவிடலாம். மூச்சிளைப்பு உள்ள குழந்தைக்கு அந்த பைக் புகையும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் "காதுல வண்டு கத்துது" என்று குழந்தை சொன்னால் அலட்சியம் வேண்டாம். மறுநாளும் அப்படியே இருந்தால் காது மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டு முதல் நான்கு வயதில் சாயம் பூசிய முகத்தைக் கண்டு பயப்படுவது இயல்பு. மாறாத அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று குழந்தையால் படிக்க முடிவதில்லை. போட்டோவுக்காகப் பபூன் கையில் கொடுக்காதீர்கள். "அழுதா அவன்கிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். காதைப் பொத்தி முகத்தைத் தோளில் புதைத்தால் உடனே எழுந்து வெளியே வாருங்கள். பத்து நிமிடம் கழித்துக் குழந்தையே கேட்டால் உள்ளே போகலாம், இல்லையென்றால் வீட்டுக்குத்தான். டிக்கெட் காசை நினைத்துப் பிடித்து உட்கார வைத்தால், ராத்திரி அலறி எழுவதும் இருட்டைக் கண்டு பயப்படுவதும் பல நாள் தொடரலாம்.

கூட்டத்தில் தொலைந்தால் உதவ, உங்கள் போன் எண்ணைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். நுழையும்போதே ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்; அன்றைய உடை அதில் இருக்கும். நான்கு வயதுக்குள் பாப்கார்னும் கடலையும் கூடாது. தட்டுவடை செட்டும் வேண்டாம். மொறுமொறுப்பான துண்டு சிரிக்கும்போது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

வாசலில் விற்கும் மின்னும் பொம்மைகள்தான் எங்களுக்குப் பெரிய கவலை. பலவற்றில் சட்டைப் பட்டன் போன்ற சின்ன வட்டப் பேட்டரி (பட்டன் பேட்டரி) இருக்கிறது, மூடிக்குத் திருகாணி இருப்பதில்லை. விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும். முதலில் எச்சில் வடியும், இருமல் வரும், சாப்பிட மறுக்கும்; சளி என்றே தோன்றும். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோபியும் (வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து எடுக்கும் வசதி) உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் போகும் வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் மட்டும் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 முறை. ஏற்காட்டிலிருந்து இறங்கும் நேரத்தில் இது அரிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். தேனைத் தேடிக்கொண்டு புறப்படுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.