கைப்பழக்கம், சுயஇன்பம், தன்னின்பம்

"சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்ற ஔவையார் பாட்டைத் தமிழய்யா நடத்தியபோது பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அய்யாவுக்கும் காரணம் தெரியும். பிரம்பால் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு "வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்" என்று வேகமாகப் போய்விட்டார்.

ஔவை சொன்னது கை பழகப் பழக வரும் தேர்ச்சியை. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அந்தச் சொல் சுயஇன்பம் என்ற பொருளில் வந்து சேர்ந்ததோ பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கழிப்பறைச் சுவர்களிலிருந்து. மஞ்சள் நோட்டீஸ். "வாலிப வயோதிக அன்பர்களே" என்று அன்பாகத் தொடங்கும். அப்புறம் நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, ஒட்டிய கன்னம் என்று பயமுறுத்தும். கடைசியில் வைத்தியர் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் இருப்பார் என்று முடியும்.

வடமொழி வழி வந்த சொல் கரமைதுனம். கரம் என்றால் கை. மைதுனம், மிதுன ராசியில் இருக்கும் அதே 'மிதுனம்', அதாவது ஜோடி என்பதிலிருந்து பிறந்தது. தனியாளாகச் செய்வதற்கு ஜோடிச் சொல்! கைதான் ஜோடி போலிருக்கிறது. ஆங்கில மாஸ்டர்பேஷனுக்கு மூலம் லத்தீன். அதன் வேர் பற்றி அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 'கையால் கெடுத்தல்' என்பது பழைய விளக்கங்களில் ஒன்று. அங்கேயும் பழி கைமேல்தான்.

இன்னொரு பெயர் ஓனானிசம். விவிலியத்தில் ஆதியாகமம் 38-ஆம் அதிகாரத்தில் வரும் ஓனான், இறந்துபோன அண்ணன் பெயரில் வாரிசு உண்டாகக் கூடாதென்று, அண்ணியோடு கூடும்போது விந்தைத் தரையில் விட்டவன். அதற்கும் சுயஇன்பத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1760-இல் டிஸ்ஸோ என்ற சுவிஸ் மருத்துவர் இதுவே பல நோய்களுக்குக் காரணம் என்று புத்தகம் போட்டார். நம் நோட்டீஸ்காரர்கள் சொல்வது ஏறக்குறைய அதுதான். கூடவே 'ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தம்' என்ற நம் ஊர்க் கணக்கு. உண்மையில் பருவம் வந்த ஆணுக்கு விந்தணு நாள்தோறும் ஊறிக்கொண்டே இருக்கிறது. சேர்த்துவைக்க அது வங்கி இருப்பு இல்லை.

1948-இல் அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர் கின்சி வெளியிட்ட ஆய்வில் ஆண்களில் 92 சதவீதம் பேர் சுயஇன்பம் செய்ததாகச் சொன்னார்கள். 1953-இல் வெளியிட்ட ஆய்வில் பெண்களில் 62 சதவீதம். இன்றைய மருத்துவம் இதை நோய் என்று சொல்வதில்லை. வேலை, தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் மட்டும் மருத்துவரிடம் பேசலாம்.

சரி, நல்ல தமிழ்ச் சொல்? சுயஇன்பத்தில் 'சுய' வடமொழி. புணர்ச்சி விதிப்படி 'சுயவின்பம்' என்று வரவேண்டும், யாரும் அப்படி எழுதுவதில்லை. தன் + இன்பம் = தன்னின்பம். தனிக்குறில் முன் ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்ற நன்னூல் விதி கச்சிதமாகப் பொருந்துகிறது. பழியும் இல்லை, கையும் இல்லை. ஆண்களை மட்டுமே நினைத்துப் பேசப்பட்ட 'கைப்பழக்கம்' போலல்லாமல் பெண்களுக்கும் பொதுவானது.

போன மாதம் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். 'கைப்பழக்கம்' போய் 'சுயஇன்பம்' வந்திருக்கிறது. ஒட்டிய கன்னம் அப்படியேதான் இருக்கிறது.