ராஜா கையெழுத்து போட்ட மை ஏன் காகிதத்தையே தின்னுது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "பிரான்ஸ் ராஜா பதினாலாம் லூயி கையெழுத்து போட்ட பண உத்தரவு ஒண்ணு ஏலத்துக்கு வந்திருக்கு, எழுத்தெல்லாம் பழுப்பா இருக்கு, அங்கங்க ஓட்டை வேற, ஒரிஜினலா இருக்குமா?"

இருக்கலாம். 1661ல நிதிப் பொறுப்புல இருந்த ஃபூக்கேவை கைது பண்ணதும் லூயி அந்தப் பதவியையே தூக்கிட்டு செலவு உத்தரவுகள்ல தானே கையெழுத்து போட ஆரம்பிச்சார், கணக்கு வழக்கை கோல்பேர்ங்கிற அமைச்சர் பாத்துக்கிட்டார். அதனால இந்த மாதிரி தாள்கள் நிறையவே உருவாச்சு. ஆனா எனக்கு அந்த மை மேலதான் கண்ணு.

அதுல முக்கியமான சரக்கு மாசிக்காய், நம்ம வீடுகள்ல கைக்குழந்தைக்கு உரசிக் குடுப்பாங்களே அதேதான். ஒருவகை ஓக் மரத்துல குட்டிக் குளவி முட்டை வெச்ச இடம் உருண்டையா வீங்கிக்கும், அதுக்குள்ள டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் ஏராளம். இடிச்சு ஊறவெச்சு அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கொஞ்சம் வேலம்பிசின் கலந்தா மை ரெடி.

இப்பதான் அழகான விஷயம். எழுதும்போது இந்த மை வெளிறிப்போய்தான் இருக்கும், ஏன்னா இரும்பு இன்னும் ஃபெரஸ் நிலையில தண்ணில கரைஞ்சே கிடக்கு, அதனால மேலாக நிக்காம காகித நாருக்குள்ள இறங்கிடுது, இறங்கினப்புறம் காத்துல இருக்கிற ஆக்சிஜன் ஒவ்வொரு இரும்பு அயனிகிட்டயிருந்தும் ஒரு எலெக்ட்ரானை உருவி ஃபெரிக்கா மாத்துது, அந்த ஃபெரிக் டானினோட பிணைஞ்சு தண்ணில கரையாத கருப்புப் பொருளா நாருக்குள்ளயே உக்காந்துக்குது. கையெழுத்து போட்டு முடிச்ச பிறகுதான் அது நல்லா கருக்கவே செய்யும்! கரி மையை ஈரத்துணியால தொடச்சே ஓரளவு எடுத்துடலாம், இதை எடுக்கணும்னா காகிதத்தையே சுரண்டணும், சுரண்டினா தெரிஞ்சிடும். கஜானா கணக்குக்கு இதைவிட என்ன வேணும் சொல்லுங்க.

பிரச்சினை என்னன்னா மிச்சமாகிற கந்தக அமிலம் காகித நாரோட செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டுது, பிணையாம நிக்கிற ஃபெரஸ் இரும்பு அதை ஆக்சிஜனேற்றத்தால இன்னும் அரிக்குது. கருப்பு பழுப்பாகும், மை கனமா விழுந்த இடம் ஓட்டையாகும். பதப்படுத்தின மிருகத் தோல்ல எழுதினது பெரும்பாலும் தப்பிச்சுடும், பதப்படுத்தும்போது போட்ட சுண்ணாம்பு அமிலத்தை முறிச்சுடுது.

1990கள்ல நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதுக்கு ஒரு வைத்தியம் கொண்டுவந்தாங்க, ஃபைட்டேட்னு தவிட்டுல இருக்கிற ஒரு பொருள் அந்தத் தனி இரும்பைக் கவ்விக்கும், கால்சியம் பைகார்பனேட் அமிலத்தை அடக்கும். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் "என்ன பிரயோஜனம்"னு கேட்டு பணம் ஒதுக்காம விடறது எனக்கு கோவமா வருது, ஆவணம் பொடியாப் போனப்புறம் எந்த நிதி வந்து என்ன பண்ண?

வாங்கறதுக்கு முன்னாடி இன்ஃப்ராரெட் படம் கேளுங்க. சுமார் 1000 நானோமீட்டர் அலைநீளத்துல இந்த மை கிட்டத்தட்ட மறைஞ்சுடும், கரி மையோ லேசர் பிரிண்டோ கருப்பாவே நிக்கும். மடிப்பு மேல எழுத்து ஓடற இடத்துல மை கசிஞ்சு பரவியிருந்தா, மடிச்சு ரொம்ப நாள் கழிச்சு யாரோ எழுதியிருக்காங்கன்னு சந்தேகப்படணும். எல்லாத்துலயும் பாஸானாலும் துசான் ரோஸ்னு ஒருத்தர் இருக்கார், லூயியோட செயலாளர், 1701ல சாகிற வரைக்கும் ராஜா கையெழுத்தை அச்சு அசலா போடறதே அவர் உத்தியோகம். அதே காலம், அதே மை, அதே காகிதம், எந்த கெமிக்கல் டெஸ்ட்டும் பிரிச்சு சொல்லாது. அதுக்கு லூயி நிச்சயமா தானே எழுதின கடிதங்களோட எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பாக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும், விலை பேசறதுக்கு முன்னாடியே அவரைப் பிடிங்க.