கோடையில் பார்த்தால் அது வெறும் பாறைதான்

நீலகிரிக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "குறிஞ்சி பூத்திருக்கா சார்?" என்றுதான். மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2018இல் மலையே நீலமாகப் பூத்தது, அடுத்த முறை 2030. சரி, அதுவரை? ஆடி மாதச் சாரலில் கூடலூர் இறக்கத்தில் வண்டியை ஓரங்கட்டி, தண்ணீர் சொட்டுகிற பாறையைப் பாருங்கள் என்பேன்.

அங்கே இருப்பது காசித்தும்பை, நாம் தொட்டியில் வளர்க்கிற செடியின் காட்டுச் சொந்தம். மேற்குத் தொடர்ச்சி மலையில் நூறு வகைக்கு மேல் உண்டு, பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது, சில ஒன்றிரண்டு மலைச்சரிவோடு சரி. காய் முற்றித் தொட்டதும் வெடிக்கும், ஆனால் விதை பெரும்பாலும் சில அடி தள்ளித்தான் விழும். ஈரமும் நிழலும் சேர்ந்த அந்த மூலையை விட்டு அடுத்த மலைக்குப் போக வழி ஏது?

பாறையில் வளரும் ஸ்கேப்பிஃப்ளோரா என்ற காசித்தும்பை வகைக்குத் தண்டே இல்லை. வெயில் காலம் முழுக்கப் பாசிக்கடியில் சின்னக் கிழங்காகக் கிடந்து, மழை இறங்கியதும் நாலைந்து இலை விட்டு, நடுவில் ஒரு காம்பை நீட்டி அதன் உச்சியில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஜெர்டோனியே என்ற வகை இன்னும் விசித்திரம்: மரத்தின் மேல் பாசியில் தொற்றி வளரும், தண்டு தண்ணீர் சேர்த்துக் குண்டாக இருக்கும், பூவோ சின்னச் சிவப்புப் பை.

இந்த வேலைக்கு வந்த புதிதில் பாறைச் செடி ஒன்றைக் கிழங்கோடு பெயர்த்து வீட்டில் வைத்தேன், ஒரே மாதத்தில் அழுகிவிட்டது. அதனால் பிடுங்காதீர்கள் என்று சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பிடுங்குவதை விடப் பெரிய சேதம் சாலை வேலையில். நான் வருடா வருடம் போய்ப் பார்த்துவந்த ஒரு திருப்பத்தை ஏப்ரலில் ஜேசிபி சுரண்டிக்கொண்டிருந்தது, கேட்டால் "வெறும் பாறைதானே சார்" என்றார் ஓட்டுநர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஏப்ரலில் அது வெறும் பாறைதான். செடி இருக்கிறதா என்று பார்க்கப் போகிறவர்களும் மழைக்குப் பயந்து கோடையில்தான் போகிறார்கள், அப்புறம் "ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஒழுகுகிற பாறை இருந்தால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ படம் எடுத்து, தேதியோடு பத்திரமாக வையுங்கள். இணையத்தில் போடுவதானால் இடத்தைச் சொல்ல வேண்டாம், பெயர்த்துப் போக ஆள் வரும். ஏப்ரலில் ஜேசிபி வந்து நிற்கும்போது அந்தப் படத்தை எடுத்துக் காட்டுங்கள்.