மெரினாவின் மணல் யாருடையது?

மெரினாவில் காலை நனைக்க வேண்டுமென்றால் சாலையிலிருந்து மணலில் வெகுதூரம் நடக்க வேண்டும். அங்கிருந்து வடக்கே, துறைமுகத்தைத் தாண்டி ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் போனால் பல இடங்களில் நடக்க மணலே கிடையாது. கருங்கல் குவியல், அதில் வந்து மோதும் அலை, அவ்வளவுதான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: சென்னைத் துறைமுகம்.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து கரையேறுகின்றன. ஏறும் அலை மணலையும் சாய்வாகத் தள்ளும். வடியும் தண்ணீரோ சரிவின் போக்கில் நேராக இறங்கும். இப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே நகர்கிறது. அலை உடையும் இடத்தில் கரையை ஒட்டி ஒரு நீரோட்டமும் உண்டாகி, கலங்கிய மணலை அள்ளிப் போகும். தெற்கிலிருந்து ஓடும் இதைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து வருவது வன்னி. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய சில மாதங்கள்தான் வன்னிக்கு. வரவு செலவு பார்த்தால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. கரையோரம் ஓடும் மணல் ஆறு என்றே இதைச் சொல்லலாம்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும். ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. 1876இல் கடலுக்குள் இரண்டு கற்சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். முடியும் தறுவாயில், 1881இல், புயல் வந்து உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். ஓடிவந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்று குவியத் தொடங்கியது. கப்பல்கள் நுழையும் கிழக்கு வாசலும் தூர்ந்துவிடும் நிலை வந்ததால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை அடைத்து வடகிழக்கில் புது வாசல் திறந்தார். சுவருக்குத் தெற்கே குவிந்த மணல்தான் இன்றைய அகல மெரினா. அதற்கு முன்பு கடல் சாலைக்கு வெகு அருகில் இருந்தது.

வடக்கே அலையின் வலு குறையவில்லை, மணல் வரத்துதான் நின்றது. தெற்கிலிருந்து வராததை அலை அந்தக் கரையிலிருந்தே எடுத்துக்கொண்டது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, கட்டுமரத்தை ஏற்றி வைக்க இடமும் போனது. அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்களான தூண்டில் வளைவுகளும் இதே கணக்கில் சிக்கியவைதான்: ஒவ்வொன்றும் தன் தெற்கே மணலைப் பிடிக்கும், தன் வடக்கே அரிப்பைத் தள்ளும். எண்ணூரில் 2001இல் ஒரு துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளியில் இன்னொன்று. அரிப்பு தள்ளப்படும் அந்தத் திசையில், அதற்கும் வடக்கே, பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஒரு ஒல்லியான மணல் திட்டு.

கூவம், அடையாறு முகத்துவாரங்கள் அடைபடுவதும் இந்த மணலால்தான். ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுக்கே உள்ள நம் கடலால் வாயைத் திறந்து வைக்க முடியாது. மழைக்கால வெள்ளம் வந்தால் திறக்கும், மற்ற நேரங்களில் தூர்வார வேண்டும்.

கார் ஏற்றுமதியும் கண்டெய்னர்களும் இந்த நகரத்துக்குச் சோறு போடுகின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துறைமுகத்துக்கான விலையைக் கரையாகக் கொடுத்தவர்கள் வடசென்னைக் குப்பத்து மக்கள். எந்தத் திட்டச் செலவிலும் அது முழுதாக ஏறவில்லை என்பதே என் ஆதங்கம்.

சரி, வழி இல்லையா? உண்டு. சுவரில் தேங்கும் மணலைப் பம்பு வைத்து மறுபக்கம் கொட்டுவது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் இதைச் செய்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை நகரக் கடற்கரையில் போடுகிறார்கள். ஒருமுறை கொட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் வேலை இல்லை இது. அலை நகர்த்தும் அளவுக்கு ஆண்டுதோறும் மணல் போய்ச் சேர வேண்டும், சுவர் நிற்கிற வரைக்கும்.