மனநல ஆலோசனைக்குக் காப்புறுதி பணம் தருமா? போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காப்புறுதிதான் இருக்கிறதே, ரசீதைக் கொடுத்தால் பணம் வந்துவிடும் என்று நம்பித் தனியார் ஆலோசகரிடம் போய், கடைசியில் முழுத் தொகையையும் கைக்காசில் கட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சிங்கப்பூரில் தனியாரிடம் ஒரு மணி நேரத்துக்குப் பெரும்பாலும் 150 வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். நாலைந்து முறை போன பிறகுதான் ‘இது உங்கள் திட்டத்தில் இல்லை’ என்று ஒரு வரி பதில் வரும். அத்தோடு சிகிச்சையையே விட்டுவிடுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை.

அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரிலிருந்து குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் உண்டு. ஆனால் மனநலத்தில் அது மருத்துவமனையில் சேர்ந்தால் கைகொடுக்கும் திட்டம். அதுவும் ஆண்டுக்கு 60 நாள் வரை. வாரம் ஒருமுறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வரும் சிகிச்சைக்கு அதை நம்ப வேண்டாம். அதற்கு மேல் தனியாரிடம் வாங்கும் ஒருங்கிணைந்த திட்டங்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

வேலையிடக் காப்புறுதியில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கையேட்டில் முன்பக்கம் அழகாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகள் பக்கம். அங்கே ‘சைக்கியாட்ரிக்’ (மனநோய் சார்ந்த) என்ற சொல் இருந்தால் கதை முடிந்தது. இல்லாவிட்டாலும் யாருடைய ரசீதை ஏற்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். மருந்து எழுதும் மனநல மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர் மூவரும் காப்புறுதி நிறுவனத்துக்கு ஒன்றல்ல. மருத்துவரை ஏற்று மற்ற இருவரையும் தள்ளிவிடும் திட்டங்கள் உண்டு. நிறுவனப் பட்டியலில் உள்ள பொது மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்பார்கள். நான் பார்த்த ஒரு கோரிக்கையில் கடிதத்தின் தேதி, முதல் சந்திப்புக்கு மறுநாள். அந்த ஒரு நாளுக்காக அத்தனை ரசீதும் திரும்பி வந்தது. எனவே கடிதம் முதலில், சந்திப்பு பிறகு. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் ‘கிடைக்கும்’ என்று சொன்னவரைப் பிறகு தேடிப் பிடிக்க முடியாது.

மேலதிகாரிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்தால் மனிதவளப் பிரிவிடம் போகாமல் காப்புறுதி நிறுவனத்தையே நேரே கேட்கலாம். சில நிறுவனங்கள் ஊழியர்களுக்காக வெளி ஆலோசகர்களை இலவசமாக ஏற்பாடு செய்திருக்கும். அது காப்புறுதியில் சேராது. தனியாகக் கேட்டால்தான் தெரியவரும்.

சொந்தமாக ஒருங்கிணைந்த திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மனச்சோர்வு என்று மருத்துவர் எழுதிய பிறகு அதை ரத்துசெய்துவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறாதீர்கள். முகவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் சரி. புது நிறுவனம் அந்த நோயை விலக்கி வைக்கலாம், விண்ணப்பத்தையே தள்ளலாம். மறைத்து எழுதினால், பிறகு உண்மையிலேயே பணம் தேவைப்படும் நாளில் ஒப்பந்தத்தையே செல்லாததாக்குவார்கள்.

சரி, கட்டுப்படியாகும் வழி எது? அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குவது. அந்தக் கடிதத்தோடு மனநலக் கழகத்துக்கோ மற்ற பொது மருத்துவமனைக்கோ போனால் மானியக் கட்டணம். குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 30 முதல் 70 விழுக்காடு வரை குறையும். நிரந்தரவாசிகளுக்கு அதைவிடக் குறைவு. அரசாங்கத்தின் சாஸ் மானிய அட்டை உள்ளவர்கள், அதை ஏற்கும் தனியார் மருந்தகத்திலும் கடிதம் வாங்கலாம். மற்ற தனியார் மருத்துவர் கடிதத்தோடு போனால் முழுக் கட்டணம்தான்.

முன்பதிவு செய்யும்போது ஒரு கேள்வி வரும்: “குறிப்பிட்ட மருத்துவர் யாராவது வேண்டுமா?” அக்கறையாகக் கேட்பதுபோல் இருக்கும். உறவினர் சொன்ன ஒரு பெயரை நீங்கள் சொன்ன கணமே முழுக் கட்டணம் கட்டும் தனியார் நோயாளி ஆகிவிடுகிறீர்கள். பிறகு மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் மருத்துவ சமூக ஊழியரைப் பார்த்து, வருமானச் சான்றுகளைக் கொடுத்து, காத்திருந்து, மீண்டும் கேட்டு… வேண்டாம். “மானிய நோயாளி, எந்த மருத்துவரானாலும் சரி” என்று சொல்லுங்கள். தமிழில் பேச வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

மெடிசேவ், அதாவது உங்கள் மத்திய சேமநிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தை எடுக்கலாம். ஆனால் மனச்சோர்வு, பதற்றநோய், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு, முதுமை மறதி என்று நோய் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். கணவன் மனைவி சண்டை, துக்கம், வேலை அழுத்தம் என்று மட்டும் இருந்தால் எடுக்க முடியாது. ஆண்டு வரம்பு 2021லிருந்து 500 வெள்ளி. சிக்கலான நிலை என்றால் 700. இதில் பலர் கவனிக்காதது, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் எடுப்பது அதே 500இலிருந்துதான். அப்பாவின் சர்க்கரை மாத்திரைக்கே தீர்ந்திருக்கும், தெரியாமல் ஆலோசனைக்குப் போய் நிற்பார். இரண்டு நோயும் பதிவாகியிருந்தால் 700க்குத் தகுதி உண்டு. மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஒவ்வொரு கட்டணத்திலும் 15 விழுக்காட்டைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

பொது மருத்துவமனையில் முறை வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். குடும்பச் சேவை நிலையங்களில் ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை, கடிதமும் தேவையில்லை. பீட்டி சாலையில், இந்தியச் சமூகத்துக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவின் நிலையம் இருக்கிறது. 16 முதல் 30 வயது வரையுள்ளவர்களுக்கு ஆர்ச்சர்டில் ‘சாட்’ என்ற இளையர் மனநலச் சேவை இலவசமாக மதிப்பீடு செய்கிறது. இரவு இரண்டு மணிக்கு மனசு தாங்கவில்லையென்றால் 1771 எண்ணுக்கு அழையுங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.

வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிமார்களுக்கு: 2023 ஜூலை முதல் முதலாளி உங்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும். அது மருத்துவமனையில் சேர்வதற்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் ஆனது. ஆலோசகரைப் பார்க்க அதிலிருந்து பணம் கிடைக்காது. அரசாங்க மானியமும் உங்களுக்கு இல்லை. தூக்கம் வராமல் டார்மிட்டரியில் கிடந்து தவித்தால், வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பின் 3129 5000 எண்ணுக்கு அழையுங்கள். முதலாளியிடம் அனுமதி கேட்கவோ கடிதம் வாங்கவோ வேண்டியதில்லை.