பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

கிழக்கிலங்கையின் திருக்கோவில் கடற்கரையில் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை மணலில் இழுத்துக்கொண்டு போனால், கறுப்புப் பொடி மயிர்மயிராக அதில் சிலிர்த்து நிற்கும். வெள்ளை மணல் அப்படியே கிடக்கும். சுளகும் வேண்டாம், அரிதட்டும் வேண்டாம். ஆனால் ஒட்டிய பொடியைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. உதறினால் போகாது, நகத்தால் வழித்தெடுக்க வேண்டும்.

குருதியிலிருந்து ஒருவகைக் கலத்தை மட்டும் பிரிக்கும் ஆய்வுகூடத்திலும் இதே விளையாட்டுத்தான். வெண்குருதிக் கலமோ காந்தத்தை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே அதற்கு இரும்புப் பொட்டு வைத்துவிடுகிறார்கள். எச்.ஐ.வி. குறிவைக்கும் வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் உண்டு. அதை மட்டும் பற்றும் பிறபொருளெதிரி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை, சுமார் 50 நனோமீற்றர் அளவான இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கையில் பிணைத்துக் குருதியில் கலந்தால், துணிக்கை தன் ஆளைக் கண்டு ஒட்டிக்கொள்ளும். கடற்கரைக் காந்தத்தில் முந்திக்கொண்டு ஒட்டும் மக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாதுவுக்கு இது நெருங்கிய சொந்தம்.

இவ்வளவு சின்னத் துணிக்கையைச் சும்மா ஒரு காந்தத்தால் இழுக்க முடியாது. காந்தப் புலம் வலிமையாக இருந்தால் மட்டும் போதாது, இடத்துக்கிடம் அது சட்டென்று மாறவும் வேண்டும். 1990இல் ஜெர்மன் ஆய்வாளர் ஸ்டெஃபான் மில்டெனியும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறையில், காந்தத்தின் நடுவே வைத்த குழாய்க்குள் நுண்ணிய உருக்கு இழைகளைத் திணித்தார்கள். ஒவ்வோர் இழையின் அருகிலும் புலம் செங்குத்தாக ஏறுவதால், பொட்டு வைத்த கலங்கள் அங்கே தங்கிவிடும், மற்றவை வழிந்தோடிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். குழாயைக் காந்தத்திலிருந்து வெளியே எடுத்துக் கழுவினால் பிடிபட்ட கலங்கள் உயிரோடு இறங்கிவிடும். துணிக்கை அவ்வளவு சிறியது என்பதால், அறை வெப்பமே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிப்போடுகிறது. புலம் போனதும் காந்தத்தன்மையும் மறந்துபோகிறது. பெரிய மணியாக இருந்தால் மறக்காது, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

இதே வித்தையால் அளக்கவும் செய்யலாம். ஒரு கலத்தில் துணிக்கை எவ்வளவு அதிகமோ, அது காந்தத்தை நோக்கி அவ்வளவு விரைவாக நகரும். நுணுக்குக்காட்டியில் படமெடுத்து அந்த வேகத்தைக் கணித்தால், மேற்பரப்பில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பொட்டே தேவைப்படாத கலமும் ஒன்று உண்டு. மலேரியாக் கிருமி செங்குருதிக் கலத்துக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்று, மிஞ்சும் இரும்பைப் பழுப்புநிறப் பளிங்காக உள்ளேயே குவித்துவைக்கும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்படுவதற்கு முன், ஒருகாலத்தில் நம் பெரியவர்களைப் போர்வைக்குள் நடுங்க வைத்த அந்தக் கிருமி குடியேறி முதிர்ந்த கலம், உருக்கு இழைக் குழாயில் தானாகவே வந்து மாட்டிக்கொள்கிறது.